கேடி நோட்டில் ஏறிய பெயர் இறங்குவது எப்போது?

துடுக்கான பிள்ளையைப் பார்த்து, "இவன் சரியான கேடி" என்று சொல்லிச் சிரிக்கிறோம். ‘கேடு’ என்பதிலிருந்து வந்த தமிழ்ச் சொல் அது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் போலீஸ் நிலையங்களில், ‘தெரிந்த களவாளி’ என்று போலீசார் குறித்துவைத்தவர்களின் பெயரோடு சேர்த்து எழுதிய ‘கே.டி.’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தாம் அவை. நோட்டிலிருந்து தெருவுக்கு வந்த அந்த எழுத்துகள் வசவுச் சொல்லாகி, சினிமாத் தலைப்பு வரைக்கும் போய்விட்டன. நோட்டு மட்டும் நிலையத்திலேயே இருக்கிறது.

இன்று அதற்குச் சரித்திரப் பதிவேடு என்று பெயர். ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி கைது’ என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். அந்தப் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தரம் போட்டால் பிள்ளைக்குத் தெரியும். ரேங்க் அட்டையில் அப்பன் கையெழுத்துப் போடுவான், இல்லை கைநாட்டு வைப்பான். காவல் நிலையம் போடும் தரம் உரியவனுக்கே தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "எங்கடா அவன்?" என்று கேட்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும்.

சீன அரசு குடிமக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போடுகிறது என்று டீக்கடையில் நாம் வியந்து பேசுவதுண்டு. 2014இல் அந்த அரசு அப்படியொரு திட்டத்தை வகுத்தது உண்மை. ஆனால், நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் என்பது அங்கேயும் நடைமுறைக்கு வரவில்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட கடனைக் கட்டாதவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. அதில் பெயர் வந்தால் விமானத்திலும் அதிவேக ரயிலிலும் பயணச்சீட்டு வாங்க முடியாது. அந்தப் பட்டியல்கூட ஊரறிய வெளியிடப்படுகிறது; கடனைக் கட்டினால் பெயரை நீக்கக் கேட்கலாம். நடத்தைக்குத் தரம் போடும் வேலையை நம் நாடு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. இங்கே அதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் யார்மேல் பழகியது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

கல்லில் வெட்டிய பட்டியல்

உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தகுதிப் பட்டியல் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்து வருகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்தச் சுவரில் இருப்பதில் பெரும்பகுதி, யார் வாரியத்துக்கு வரலாம், யார் வரக் கூடாது என்னும் பட்டியல்தான். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. பாவம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், தாழ்ந்தவரோடு சேர்ந்து பிராயச்சித்தம் செய்யாதவர் ஆகியோருக்கும் இடமில்லை. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர் சபை. கழனியில் சேற்றை மிதித்தவர்களின் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் விழுந்திருக்காது. உத்திரமேரூரின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம்.

இங்கே நாம் காட்ட விரும்புவது வேறொன்று. அந்தப் பட்டியல் நியாயமற்றதாக இருந்தாலும் சுவரில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த சபையார் எவரும் படித்துப் பார்க்கலாம். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு காலம் தள்ளிவைப்பு என்பதும் அதிலேயே இருந்தது. சில தகுதிக்குறைவுகள் பிராயச்சித்தத்தோடு நீங்கிவிடும். சில சாகும்வரை நீங்காது. 1,100 ஆண்டுக்கு முந்தைய பிராமணர் சபை தன் ஆட்களுக்குக் கொடுத்த அந்த வெளிப்படைத்தன்மையை, 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிப் பையனுக்கு இன்றைய குடியரசு கொடுக்கவில்லை. அவன் பெயர் ஏறியது அவனுக்குத் தெரியாது. ஏன் ஏறியது என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எப்போது இறங்கும் என்று கேட்டால், "அதெல்லாம் ரகசியம்" என்பார்கள்.

ரேகைச் சட்டத்தின் பேரப்பிள்ளை

1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. பெயரைப் பதிய வேண்டும், பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். இரவில் ஊரை விட்டுப் போக ராச்சீட்டு வாங்க வேண்டும். குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் இந்தப் பட்டியலில் அடைக்கப்பட்டன. ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

போராட்டங்களுக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. ஆனால், அடுத்த ஆண்டே, 1948இல், சென்னையில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறொன்று வந்தது. சாதியின் பெயர் போனது, பார்வை போகவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் முதனையில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனபோது, போலீஸ் நேராகப் போய் நின்றது குறவர் குடியிருப்பில்தான். ராஜாக்கண்ணு காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். காவலர்களுக்கான ஆயுள் தண்டனை உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 2006 வரை, 13 ஆண்டுகள் ஆயின. ‘ஜெய் பீம்’ படம் அந்த வழக்கைத் தழுவியது என்பது உங்களுக்குத் தெரியும். படம் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். நகை போனதும் அந்தக் குடியிருப்பு ஏன் போலீசின் நினைவுக்கு வந்தது? அந்த நினைவுக்குத்தான் பதிவேடு என்று பெயர்.

உத்திரமேரூர் வட்டாரத்து இருளர் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் மோட்டார் திருடு போனாலும், ஆடு காணாமல் போனாலும் முதல் விசாரணை எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள்.

பெயர் எப்படி ஏறுகிறது?

கொலை, கொள்ளை செய்தவன் பெயர்தான் பதிவேட்டில் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் முதலில் பாதிக்கப்படுவதும் நம் தெருதான்; கஞ்சா விற்பவனும் கந்துவட்டிக்காரனின் அடியாளும் காலனியில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களைப் போலீஸ் கண்காணிக்கக் கூடாது என்று நாம் சொல்லவே இல்லை.

நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. ஊர்த் திருவிழா, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வரும் வழியில் வாய்த்தகராறு. சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. அடித்தவன் பேரிலும் அடிபட்டவன் பேரிலும் சமமாக வழக்குப் போடுவது நம் காவல் நிலையங்களின் நடுநிலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், எதிர்ப்புகாரும் உடனே தயார். அதில் ஐந்து பெயர், பிறகு ‘மற்றும் சிலர்’. அந்த ‘மற்றும் சிலர்’ என்ற வலைக்குள் யாரையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

வழக்கே இல்லாமலும் ஏறலாம். அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று சொல்லி ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்திப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் பிரிவு, பழைய சட்டத்தில் 107. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126. நன்னடத்தைக்குப் பிணை வாங்கும் 110, இப்போது 129. இவை தண்டனை அல்ல. குற்றம் நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு என்கிறது சட்டம். ஆனால், தேர்தல் வந்தால், கூழ் ஊற்றும் திருவிழா வந்தால், யாரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு முறை கையெழுத்துப் போட்டவனைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள். இரண்டு கையெழுத்து சேர்ந்தால் ‘வழக்கமாகப் பிரச்சினை செய்பவர்’ என்று எழுதுவது எளிது.

நிலம் கேட்டவனுக்கும் இதே கதிதான். இது செங்கற்பட்டு மாவட்டமாக இருந்தபோது, 1891இல், கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அரசு நம்மைக் கணக்கெடுத்து நமக்கு ஏதோ கொடுத்த அபூர்வமான தருணம் அது. நூறு ஆண்டு கழித்து, அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். இன்றும் பஞ்சமி நிலத்துக்கு மனுக் கொடுக்க நான்கு பேர் சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போனால், மனு வாங்கும் கை ஒன்று, போட்டோ எடுக்கும் கை ஒன்று. மனு எங்கே போகிறது என்று தெரியாது. போட்டோ போகும் இடம் தெரியும்.

பெயர் ஏறினால் என்ன மூடுகிறது?

நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் அரசு வேலைக் கனவு காவலர் வேலைதான். வயலோரத்தில் விடிகாலை ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள், எழுத்துத் தேர்விலும் தேறுகிறார்கள். கடைசியில் முன்நடத்தை விசாரணை. தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகளில் 14 பி என்று ஒரு விதி இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவரும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானவரும், வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்கிறது அந்த விதி. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதி செல்லும் என்றது.

இதன் பொருளை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள். ஊரும் காலனியும் மோதிக்கொண்ட வழக்கு, ஐந்தாறு வருடம் கோர்ட்டுக்கு நடந்த பிறகு எப்படி முடிகிறது? பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கச் சாட்சியும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி முடிகிறது. ஊர் அமைதிக்காக முடித்த வழக்கு, நம் பையனின் வேலையையும் சேர்த்து முடித்துவிடுகிறது. எதிர்த் தரப்புப் பையனுக்கும் இதே விதிதானே என்று கேட்கலாம். விதி ஒன்றுதான். ஆனால் அவனுக்கு நிலம் இருக்கிறது, கடை இருக்கிறது, ஏஜென்சி எடுக்க மாமன் இருக்கிறான். நம் பையனுக்கு அரசு வேலையை விட்டால் செங்கல் சூளையும் கல்குவாரியும்தான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களிடமும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கும் அதே. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தால் போதும், கம்பெனி காரணம் சொல்லாது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியது. 1.63 கோடி பேர் விண்ணப்பித்ததில் 1.06 கோடிப் பேருக்கு முதலில் கிடைத்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்பு வைத்து, அரசிடம் இருக்கும் பல தகவல்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் சலித்தார்கள். இதுவும் குடிமக்களை அரசு அளந்து பார்ப்பதுதான். ஆனால், நிபந்தனையை முன்பே அறிவித்தார்கள். மறுத்ததற்குக் காரணம் செல்போனுக்கு வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு ஏற்பாடு செய்ய முடிந்த அரசால், ஒரு மனிதனின் பேருக்கும் மானத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்ய முடியாதா?

கம்ப்யூட்டர் மறக்காது

பழைய நோட்டுக்கு ஒரு குணம் இருந்தது. கரையான் அரிக்கும், மழையில் நனையும், ஏட்டய்யா மாற்றலாகிப் போனால் முகம் மறந்துவிடும். இப்போது அந்த வசதி இல்லை. நாட்டின் காவல் நிலையங்களை எல்லாம் ஒரே கணினி வலைப்பின்னலில் இணைத்துவிட்டார்கள். சாலவாக்கத்தில் ஏறிய பெயர் கோயம்புத்தூரில் தெரியும். 2021 முதல் தமிழ்நாடு காவல்துறையிடம் முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது. ரோந்துக் காவலர் செல்போனில் படம் எடுத்தால், பழைய படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். ரவுடிகளைக் கண்காணிக்கச் சென்னைக் காவல்துறை ‘பருந்து’ என்று ஒரு செயலியே வைத்திருக்கிறது. பருந்து மேலே வட்டமிட்டால் எந்தக் குஞ்சைப் பார்க்கிறது என்று கோழிக்குத் தெரியாது. பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவு வரை எடுக்க அனுமதிக்கிறது. எடுத்ததை 75 ஆண்டு வைத்திருக்கலாம். 107, 110 போன்ற பிரிவுகளில் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவரிடமும் எடுக்கலாம். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத ஒருவரின் கண்மணி, அவர் பேரன் காலம் வரை அரசிடம் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருப்பார்களா? 2024 மே மாதத்தில், தமிழ்நாடு காவல்துறையின் முகமறிதல் தளத்துக்குள் வெளியார் நுழைந்தது தெரியவந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் திருடுபோனது என்று விளக்கம் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, அதனால் பாரபட்சம் இருக்காது என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் அப்படித்தான் நம்பினார்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர்கள் யார் என்று கணினியை விட்டுக் கணக்கிட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமையை அது சந்தேகத்துக்கு ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் செய்யாத மோசடிக்குப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்த நாட்டு அரசே பதவி விலகியது. கணினி தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் கொடுத்த பழைய கணக்கிலிருந்து படித்துக்கொள்கிறது. நூறாண்டாகக் குறவரையும் இருளரையும் காலனிக்காரரையும் எழுதிய நோட்டைக் கணினிக்குக் கொடுத்தால், அது யாரைச் சந்தேகப்படும்?

நீதிமன்றம் என்ன சொன்னது?

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962இல் இரவு நேர வீட்டுச் சோதனை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மற்றக் கண்காணிப்புகளும் செல்லாது என்று நீதிபதி சுப்பா ராவ் தனித் தீர்ப்பு எழுதினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அவர் பார்வைதான் வென்றது.

2024இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. நம் தெருவில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. மே மாதம், அமானதுல்லா கான் வழக்கில், பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் பேரில் சாதி முன்முடிவோடு இயந்திரத்தனமாகச் சரித்திரப் பதிவேடு திறக்கப்படும் அவலத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பேசியது. பதிவேடுகளை உயர் அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று டெல்லிப் போலீசுக்கு உத்தரவிட்டது. மற்ற மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கச் சொன்னது. அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை எடுக்கச் சொன்னது. சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யாமலிருக்க, மே மாதத் தீர்ப்பின் நெறிகளைப் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சரிபார்ப்பு நடக்கிறதா? நடந்தால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை பதிவேடுகள் மூடப்பட்டன? அவற்றில் எத்தனை தலித், பழங்குடி மக்களுடையவை? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை இதை வெளியிட்டால் என்ன ரகசியம் கெட்டுப்போகும்?

எழுத வேண்டிய வேறொரு பட்டியல்

சட்டமே எழுதச் சொன்ன ஒரு பட்டியல் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 3ஆவது விதி, வன்கொடுமை நடந்த, நடக்கக்கூடிய பகுதிகளை அடையாளம் காண வேண்டும் என்கிறது. நிலைமையைக் கண்காணிக்கவும், தேவைப்பட்டால் அங்கே ஆயுத உரிமத்தை ரத்து செய்யவும் சொல்கிறது. எந்த ஊரில் முடிவெட்ட மறுக்கிறார்கள், எந்த ஊரில் தலித் ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை, எந்த ஊரில் பொதுப் பாதையில் பிணம் போக விடவில்லை? இதற்கும் ஏ, பி, சி என்று தரம் போடலாமே. அந்தப் பட்டியலை ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதை நாம் பார்த்ததில்லை. ஒதுக்குகிறவன் கண்காணிக்கப்படுவதில்லை, ஏன் ஒதுக்குகிறாய் என்று கேட்டவனுக்குப் பதிவேடு.

நாம் செய்ய வேண்டியவை

கோபப்பட்டு உட்கார்ந்திருப்பதால் பெயர் இறங்காது. செய்யக்கூடியவை உண்டு.

வழக்கு முடிந்தால், ‘முடிந்துவிட்டது’ என்று வக்கீல் சொன்னதோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. சான்றிட்ட தீர்ப்பு நகலை வாங்கிப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். சமரசம் பேசும்போது, வழக்கு எப்படி முடிந்தால் பிள்ளைகளின் வேலைக்குப் பாதகமில்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

பெயர் பதிவேட்டில் இருப்பதாகத் தெரிந்தால், தீர்ப்பு நகலை இணைத்து, காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. உத்திரமேரூர் நீதிமன்ற வளாகத்திலேயே கேட்கலாம்.

வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர், முன்பு தண்டனை பெறாதவர் என்றால், அவரிடம் எடுத்த ரேகை, படம் முதலியவற்றை அழிக்க வேண்டும் என்கிறது 2022 சட்டம். நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. தானாக அழிந்துவிடும் என்று நம்பியிருக்காமல் எழுதிக் கேட்க வேண்டும். 18 வயதுக்குள் இருந்தபோது வந்த வழக்கு, வேலைக்குத் தகுதியின்மை ஆகாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது.

வேலை விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா’ என்று கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் அதுவே பெரிய குற்றமாகிவிடும். சொல்லிவிட்டால், சிறு வழக்குகளைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்று வாதாட 2016ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

பொய் வழக்கு என்றால், அப்படிப் போடுவதே வன்கொடுமை. சட்டத்தின் 3(1)(பி) பிரிவில் புகார் கொடுக்கலாம்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. பதிவேட்டில் பெயர் ஏற்றினால் காரணத்தோடு உரியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து முறையிட, போலீஸ் அல்லாத ஓர் அதிகாரி வேண்டும். விடுதலையானவரைத் தண்டனை பெற்றவராகவே நடத்தும் 14 பி விதியைத் திருத்த வேண்டும். மாவட்டந்தோறும் பதிவேடுகளைச் சரிபார்த்து எண்ணிக்கையை வெளியிட வேண்டும். சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது, உத்திரமேரூர்த் தொகுதியின் உறுப்பினர் இந்த நான்கில் ஒன்றையாவது கேட்க வேண்டும். அவர் கேட்பதற்கு, நாம் முதலில் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்கு நகல் கேட்டு வாங்குங்கள். அது நாம் ஏற்றுகிற பெயர்.